குங்குமம் வைத்த கம்ப்யூட்டர்

இசபெல்லாவைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். திமிர் பிடித்தவள், கைக்கு வந்த வேலையை வாய்த்துடுக்கால் கெடுத்துக்கொண்டவள் என்பது ஒன்று. பாவம், மில்லில் கம்ப்யூட்டரை உடைத்துவிட்டாளாம், அதனால் அனுப்பிவிட்டார்களாம் என்பது இன்னொன்று. இரண்டும் பொய். இரண்டையும் கிளப்பிவிட்ட வாய் எது என்பதும் எனக்குத் தெரியும். நான் ஞானசௌந்தரி, அதே மில்லில் ஸ்டோர்ஸ் கிளார்க். நெரவியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? இதையெல்லாம் எழுதினால் உன் வேலைக்கும் வேட்டு வைப்பார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வைக்கட்டும்.

இசபெல்லா காரைக்கால் டவுனில் மாதா கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கிற பெண். அப்பா பிலோமின்ராஜ் நகராட்சியில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் நகராட்சியைப் பிரெஞ்சில் 'மேரி' என்றுதான் சொல்வார். அம்மா இல்லை. பள்ளிக்கூடம் போகிற தம்பிகள் இரண்டு பேர். பி.எஸ்ஸி. முடித்து, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு எங்கள் நூற்பாலைக்கு டெம்பரரி டைப்பிஸ்டாக வந்தாள். டெம்பரரி என்றால், எப்போது வேண்டுமானாலும் 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லலாம். நிரந்தரம் செய்கிறோம், செய்கிறோம் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார்கள். அந்த ஓர் ஆர்டருக்காகத்தான் அந்த வீடே காத்திருந்தது.

வந்த முதல் நாளே மேனேஜர் தியாகராசன் அவளை "ஏ பொண்ணு, இங்க வா" என்று கூப்பிட்டார். அவள் டைப் அடித்துக்கொண்டிருந்த பக்கத்தை முடித்துவிட்டு நிதானமாக எழுந்து போய், "எனக்குப் பேரு இருக்கு சார். இசபெல்லா" என்றாள். அன்றைக்கே அவருக்கு இவளைப் பிடிக்காமல் போய்விட்டது. தியாகராசன் முதலாளிக்குத் தூரத்து உறவு. அதைத் தவிர அந்த நாற்காலியில் உட்கார அவருக்கு வேறு என்ன தகுதி என்று நான் பதினைந்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எண்பத்தாறில் கம்ப்யூட்டர் வந்தது. கோயம்புத்தூரில் யாரோ ஒரு மில்காரர் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது. உடனே கண்ணாடி அறை கட்டினார்கள், ஏசி போட்டார்கள். உள்ளே போகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். அந்தப் பக்கம் ஸ்பின்னிங் ஹாலில் பெண்கள் பஞ்சுத்தூசியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வேர்த்து வடிகிறார்கள், அங்கே ஒரு மின்விசிறி கூடுதலாகக் கேட்டால் இல்லை. இந்தப் பெட்டிக்கு மட்டும் குளிர் வேண்டியிருந்தது. எனக்கு அப்போதே வயிறு எரிந்தது.

கம்ப்யூட்டரைப் பழக இசபெல்லாவை மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். வேறு யாரும் போக மாட்டேன் என்றதால் அனுப்பினார்கள், அவள் திறமையைப் பார்த்து அல்ல. திரும்பி வரும்போது தலையணை கனத்துக்கு நாலு ஆங்கிலப் புத்தகங்களோடு வந்தாள். அந்தக் கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஓட்டுகிற ஏற்பாட்டுக்கு யூனிக்ஸ் என்று பெயர் என்று சொன்னாள். பெரிய பெட்டி ஒன்று. அதிலிருந்து ஒயர் இழுத்து மூன்று டெர்மினல்கள். ஒன்று அவளிடம், ஒன்று சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்சில், ஒன்று ஸ்டோர்ஸில் என் மேஜை மேல்.

அந்தச் சனியனோடு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. திறந்தால் கறுப்புத் திரையில் மூலையில் ஒரு டாலர் குறி. அவ்வளவுதான். என்ன செய்ய வேண்டும், எங்கே தொட வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. நாமாக ஏதாவது அடிக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் 'அப்படி ஒன்று இல்லை' என்று ஆங்கிலத்தில் முகத்தில் அடித்த மாதிரி சொல்லும். சரியாக அடித்தால் அதுவும் சொல்லாது. வேலையைச் செய்ததா, தூங்குகிறதா என்று தெரியாமல் மறுபடியும் அந்த டாலர் குறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"வேலை முடிஞ்சா முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்னாவாம் இதுக்கு?" என்று ஒருநாள் அவளிடம் கத்தினேன்.

"முடியலைன்னாதான் அக்கா அது சொல்லும். சொன்ன வேலையைச் செஞ்சுட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கு. அப்புடி ஒரு ஆள் இந்த மில்லுல இருக்கா? காட்டுங்க பாப்போம்."

இன்னொரு நாள், வேண்டாத பழைய குறிப்புகளை அழிக்கிறேன் என்று ஏதோ ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்து அடித்துவிட்டேன். அன்று காலையிலிருந்து நான் ஏற்றி வைத்த அத்தனையும் போயிற்று. அழிக்கட்டுமா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணாடி அறைக்குப் போய், "உன் மிஷினைக் கொண்டுபோயி அரசலாத்துல போடு" என்றேன்.

"அழின்னு நீங்கதான சொன்னீங்க? சொன்ன பேச்சைக் கேட்டா அது தப்பா?" என்றாள். கொஞ்சம்கூட இரக்கமில்லாமல்தான் சொன்னாள். ஆனால் மறுநாள் வந்து பார்த்தால், நான் அழிக்கிறதெல்லாம் உடனே போய்விடாமல் ஓர் ஓரத்தில் போய்ச் சேருகிற மாதிரி அவளே ஒரு வழி எழுதி வைத்திருந்தாள். குப்பைக்கூடை என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தாள். வாய் அப்படி, கை இப்படி. அவளை யாரும் முழுசாக வெறுக்கவும் முடியாது, முழுசாகக் கொஞ்சவும் முடியாது.

பிரிண்டர் கூத்து அதைவிடப் பெரியது. பில் அடிக்கச் சொன்னால் முதல் வரி ஒழுங்காக வரும். இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே ஆரம்பிக்கும். மூன்றாவது அதற்கும் வலப்புறம். நாலாவது வரிக்குத் தாளே இருக்காது. "என்னம்மா, பில்லு கேட்டா மாடிப்படி கட்டுது ஒன் கம்ப்யூட்டரு" என்று தியாகராசன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். விற்ற கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டுப் போட்டு இசபெல்லாவுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஆள் வருகிறார் என்றார்கள். வருகிறார், வருகிறார், இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

கடைசியில் அவளே அந்தத் தலையணைப் புத்தகத்தோடு மல்லுக்கு நின்றாள். யாராவது பக்கத்தில் போனால் எரிந்து விழுந்தாள். வரி முடிந்ததும் 'கீழே இறங்கு' என்று மட்டும் கம்ப்யூட்டர் சொல்கிறது, 'இடது ஓரத்துக்குத் திரும்பு' என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பிரிண்டருக்குப் புரியும் என்று ஒருவழியாகக் கண்டுபிடித்தாள். அதைச் சேர்த்து எழுதியதும் பில் நேராக வந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இதை நம்மளே சரிபண்ண விட்டுருக்கான்ல, அதான் அக்கா பெருசு. மூடி சீல் வெச்ச மிஷினா இருந்தா கம்பெனிக்காரன் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்" என்றாள். அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

போகப் போக எனக்கும் அதன் அருமை தெரிந்தது, மறுக்க மாட்டேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தாலும் அது திணறவில்லை. டிஸ்பாட்ச்காரர் எதையாவது தாறுமாறாக அடித்து அவர் வேலை நின்றுபோனாலும் என் வேலை ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும்விட, ஸ்டோர்ஸ் கணக்கை என் பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் மாற்ற முடியாது. முன்பெல்லாம் தியாகராசன் வந்து, "அந்தப் பஞ்சு பேல் எண்ணிக்கையைக் கொஞ்சம் மாத்தி எழுதும்மா" என்று என் தலைக்கு மேல் நிற்பார். இப்போது, "மாத்துனா எந்தத் தேதியில மாத்துனதுன்னு இதுல தெரிஞ்சிடும் சார்" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு இருக்கலாம். அவருக்கு அந்தப் பெட்டியையும் அதைப் பார்த்துக்கொள்கிறவளையும் ஏன் கண்டாலே ஆகவில்லை என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எல்லாக் கதவையும் திறக்கிற தலைமைப் பாஸ்வேர்டு ஒன்று உண்டு. கம்ப்யூட்டரை முறையாக நிறுத்துவதற்கும் அதுதான் வேண்டும். அது தனக்கு வேண்டும் என்று தியாகராசன் முதலாளி வரை போனார். கொடுக்கச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டார். இசபெல்லா கொடுத்தாள். கூடவே, "இதை வெச்சு எப்புடி நிறுத்துறதுன்னு காட்டுறேன், வாங்க சார்" என்று கூப்பிட்டாள். "நான் மேனேஜரு. டைப் அடிக்கிறவன் இல்லை" என்றார். பாஸ்வேர்டு மரியாதைக்கு வேண்டும், வேலைக்கு வேண்டாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தும் முறையை ஒரு தாளில் தமிழில் எழுதி, கண்ணாடி அறைச் சுவரில் ஒட்டி வைத்தாள். எல்லோரையும் வெளியேறச் சொல்ல வேண்டும், இந்த வரியை அடிக்க வேண்டும், 'இப்போது நிறுத்தலாம்' என்று திரையில் வரும், அதன் பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். ஏனென்றால் அந்த யூனிக்ஸ் நாம் கொடுத்ததையெல்லாம் உடனுக்குடன் டிஸ்க் என்கிற சேமிப்பு வட்டில் எழுதிவிடாது. கொஞ்சத்தை நினைவில் வைத்துக்கொண்டு சேர்த்து எழுதும். நடுவில் கரண்டைப் பிடுங்கினால் எழுதிக்கொண்டிருந்தது எல்லாம் குழம்பிப் போகும்.

வாராவாரம் எல்லாவற்றையும் டேப்பில் நகல் எடுப்பாள். உள்ளங்கை அகலத்தில் மூன்று டேப் பெட்டிகள், மாற்றி மாற்றி. ஒன்றை எப்போதும் வீட்டில் வைத்துக்கொள்கிறேன், இங்கே ஏதாவது ஆனால் அது கைகொடுக்கும் என்று கேட்டாள். "கம்பெனி சாமானை வீட்டுக்குக் கொண்டுபோற வேலையெல்லாம் வேணாம்" என்று தியாகராசன் மூன்றையும் அந்த அறை அலமாரியிலேயே வைக்கச் சொன்னார்.

எண்பத்தேழு ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் பிலோமின்ராஜுக்குப் பாண்டிச்சேரியில் கண் ஆபரேஷன். அவரை அழைத்துக்கொண்டு போக வேறு ஆள் இல்லை. இசபெல்லா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, போகிற அன்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். "மிஷின் பாட்டுக்கு ஓடட்டும், அதை ஒண்ணும் பண்ண வேணாம். நிறுத்தித்தான் ஆவணும்னா செவுத்துல இருக்க மாதிரி நிறுத்துங்க."

முந்தின வருஷம் பூஜைக்கு அவளே காலையில் முறையாக நிறுத்திவிட்டு, அவள் கையாலேயே பெட்டிக்குச் சந்தனம் வைத்துப் பொட்டும் வைத்தாள். பொரி கடலை வாங்கி முந்தானையில் கட்டிக்கொண்டு போனாள். இதை இங்கே சொல்லிவைக்கிறேன், ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

இந்த வருஷம் பூஜையன்று ஒரு லாரி லோடுக்கு பில் போட வேண்டியிருந்ததால் டிஸ்பாட்சில் கடைசி வரை கம்ப்யூட்டர் ஓடியது. மற்ற மிஷின்களையெல்லாம் நிறுத்தித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, மாவிலை தொங்கவிட்டாகிவிட்டது. ஐயர் வந்தாகிவிட்டது. இராகு காலம் நெருங்குகிறது என்று தியாகராசன் பறந்துகொண்டிருந்தார். கண்ணாடி அறையில் இன்னும் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, "முத்து முகம்மது, இதைச் சட்டுனு ஆஃப் பண்ணு" என்றார். முத்து முகம்மது எங்கள் மில் எலெக்ட்ரீஷியன். அவர் தயங்கினார்.

நான்தான் முன்னால் போய், "சார், ஒங்ககிட்டதான் பாஸ்வேர்டு இருக்கு. செவுத்துல இருக்கறதை அடிச்சுட்டு நிறுத்துங்க. ரெண்டு நிமிஷம்தான்" என்றேன்.

"சரஸ்வதி பூஜையன்னைக்கு என்னை டைப் அடிக்கச் சொல்றியா? பேனாவையே தொடக் கூடாது, தெரியாது ஒனக்கு?"

அதுதான் அவர் கணக்கு. ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகு அதைக்கொண்டு வேலை செய்யக் கூடாது, எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. நிறுத்துவதற்காக நாலு வார்த்தை அடித்தால் தோஷம், பிடுங்கினால் தோஷம் இல்லை. சுவரில் இருந்ததைப் படிப்பதும் தோஷம்தானே, அதனால் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முத்து முகம்மது மெயினை இறக்கினார். கரண்ட் போனால் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்குகிற பேட்டரிப் பெட்டி உடனே கத்த ஆரம்பித்தது. "அதையும் நிறுத்துய்யா, மந்திரம் கேக்கலை" என்றார் தியாகராசன். அதையும் நிறுத்தினார்கள்.

அதோடு விட்டாரா? அலமாரியைத் திறந்து அந்த மூன்று டேப்பையும் எடுத்தார். கம்ப்யூட்டருக்கு இதுதானே ஆயுதம் என்று தாம்பாளத்தில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். குழைத்த சந்தனம், தண்ணீர் சொட்டச் சொட்ட. "சார், உள்ள போயிடும் சார்" என்று முத்து முகம்மது சொன்னார். "பக்தியோட செய்யறதை ஒண்ணும் சொல்லாதய்யா" என்று அவர் வாயை அடைத்தார்.

மறுநாள் விஜயதசமிக்குச் சுவிட்சைப் போட்டால், அது வழக்கம்போல் டாலர் குறிக்கு வரவில்லை. இது சேதமாகியிருக்கிறது, சரிசெய்யட்டுமா, இதைச் சேர்க்கட்டுமா என்று ஆங்கிலத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டது. எப்போதும் எதையும் கேட்காதது, அன்று அப்படிக் கேட்டது. தியாகராசன் ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்று அழுத்தினார். புரியாத இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டால் தன் தலைக்கு ஒன்றும் வராது என்பது அவருடைய சர்வீஸ் முழுவதற்குமான பழக்கம். அப்புறம் ஒருவழியாகத் திரை வந்ததும், "பாத்தீங்களா, நல்லாத்தான இருக்கு" என்று எங்களை உட்கார்த்தி வேலையும் வாங்கினார். அந்தக் குழப்பத்தின் மேலேயே புதிதாக ஏற்ற ஏற்ற, இருந்ததும் கெட்டது. பஞ்சு பேல் கணக்கைக் கேட்டால் நூல் பெட்டிக் கணக்கு வந்தது. பாதிப் பெயர்கள் காணவே இல்லை.

இசபெல்லா லீவு முடிந்து வந்து திரையைப் பார்த்தாள், அலமாரியைத் திறந்தாள். காய்ந்த சந்தனத்தோடும் குங்குமத்தோடும் மூன்று டேப்பும் வரிசையாக இருந்தன. அவள் கத்துவாள் என்று எல்லோரும் வாசலில் கூடியிருந்தோம். அவள் கத்தவில்லை. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனாள். நானும் முத்து முகம்மதும் கூடவே போனோம். தியாகராசன் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, லீவுல போறதுக்கு முன்னாடி மிஷினைச் சரியா வெச்சுட்டுப் போவக் கூடாதா?" என்றார் முதலாளி.

"சரியாத்தாங்க ஐயா வெச்சுட்டுப் போனேன். நடுவுல கரண்டைப் புடுங்கியிருக்காங்க."

"சுவிட்சை எறக்குனது நான்தாங்க. எறக்கச் சொன்னது மேனேஜரு" என்றார் முத்து முகம்மது.

"நானும் பார்த்தேங்க" என்றேன்.

தியாகராசன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "பூஜை போட்டதால கெட்டுப்போச்சுங்குது இந்தப் பொண்ணு. அதுக்கென்ன, அவங்க மதம் வேற, அப்புடித்தான் சொல்லும்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் அவள் கையால் வைத்த சந்தனம் யார் கண்ணிலும் படவில்லையா? என்ன புழுத்த பேச்சு இது. இசபெல்லா நேராக அவர் பக்கம் திரும்பினாள்.

"பூஜையால கெட்டுச்சுன்னு நான் எங்க சொன்னேன்? நிறுத்தாம புடுங்குனதால கெட்டுச்சு. யாரு புடுங்கியிருந்தாலும் கெட்டுத்தான் போயிருக்கும். சாமியைக் கொண்டாந்து எனக்கும் ஒங்களுக்கும் நடுவுல நிறுத்தாதீங்க சார்."

முதலாளி கையமர்த்தினார். பேங்கிலிருந்து சரக்கைப் பார்க்க வருகிறார்கள், அதற்குள் கணக்கெல்லாம் வேண்டும். "மொதல்ல மீட்டுக் குடும்மா. மத்ததைத் தீபாவளிக்குள்ள பேசி, ஒன் ஆர்டரையும் முடிச்சுடலாம்" என்றார். அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

டேப் எதுவும் உதவவில்லை. முதல் டேப்பைப் போட்டதுமே சந்தனம் உள்ளே ஒட்டி, டேப் ஓட்டும் கருவியே நின்றுவிட்டது. ஆனால் அந்த யூனிக்ஸ் ஒரு நல்ல காரியம் வைத்திருந்தது. தியாகராசன் 'இல்லை' என்ற கேள்விகளையெல்லாம் இசபெல்லா மறுபடி கேட்கவைத்து, ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துப் பதில் சொன்னாள். பெயர் போன துண்டுகளை அது தூக்கி எறியாமல் தனியாக ஓரிடத்தில் சேர்த்து வைத்தது. பெயருக்குப் பதில் வெறும் எண்கள். நூற்றுக்கணக்கில் துண்டுகள். அவள் ஒவ்வொன்றையும் திறந்து என்னைக் கூப்பிடுவாள். "அக்கா, இது ஒங்க நூல் சுத்துற போபின் கணக்கா, டிஸ்பாட்சா?" நான் கிடங்குக்குப் போய் எண்ணிக்கொண்டு வந்து சொல்வேன். அவள் பெயர் வைத்து அதனதன் இடத்தில் சேர்ப்பாள். அப்பாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட மத்தியானம் சைக்கிளில் ஓடிப்போய்விட்டுத் திரும்பி வருவாள். திட்டிக்கொண்டேதான் செய்தாள். மேனேஜரை, விற்ற கம்பெனியை, அந்தப் புத்தகம் எழுதினவனை, என்னைக்கூட. ஆனால் செய்தாள். பேங்க்காரர்கள் வந்த அன்று கேட்ட கணக்கெல்லாம் நிமிஷத்தில் வந்தது. அவர்கள் காபி குடித்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள்.

தீபாவளிக்கு முன்னால் முதலாளி அவளைக் கூப்பிட்டார். ஸ்டோர்ஸ் கணக்குக்காக நானும் அங்கே இருந்தேன். மேஜை மேல் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று நிரந்தர ஆர்டர். அதைக் கண்ணால் பார்த்தேன், அவள் பெயர் அடித்திருந்தது. இன்னொன்று, கம்ப்யூட்டரைப் பழுதாக்கியதற்கும் பூஜையை இழிவாகப் பேசியதற்கும் வேலையை விட்டு அனுப்புகிற ஆர்டர்.

"நாளைக்கு எல்லாரும் இருக்கறப்ப, தப்பு என்னோடதுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. மேனேஜருக்கும் மரியாதை நிக்கும், ஒனக்கும் வேலை நிக்கும். இந்த ஆர்டரை இப்பவே எடுத்துட்டுப் போ" என்றார். குரலில் அவ்வளவு கனிவு. அந்தக் கனிவை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது.

இசபெல்லா நிரந்தர ஆர்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தம்பிகளின் பீஸ், அப்பாவின் கண், எல்லாம் அதில் இருந்தது. "செய்யாததைச் செஞ்சேன்னு சொல்ல மாட்டேங்க ஐயா" என்று மற்றதை எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் தியாகராசன், "போறதுக்கு முன்னாடி மிஷினை என்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போ" என்றார். அவள் கண்ணாடி அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் பின்னால் நின்றார். நான் அவள் காதருகில் குனிந்தேன். "அழிச்சுட்டு வாடி. ஒரு வரிதான. அதுதான் கேக்காதே, மொத்தத்தையும் அழிச்சுட்டு வா. இந்தாளுக்கு ஒண்ணும் புரியாது" என்றேன். மனசார அதைத்தான் விரும்பினேன்.

அவள் அடித்தாள். அழிக்கிறாள் என்றே நினைத்தேன். டிஸ்பாட்சிலிருந்து, "ஏம்மா, வெளிய போவச் சொல்லுது" என்று குரல் வந்தது. அவள் இன்னொரு வரி அடித்தாள், காத்திருந்தாள். 'இப்போது நிறுத்தலாம்' என்று திரையில் வந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பாத்துக்கிட்டீங்கல்ல சார்? இப்புடித்தான் நிறுத்தணும். உள்ள எல்லாம் அப்புடியே இருக்கு" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

நான் கேட் வரை பின்னாலேயே ஓடினேன். எனக்கு அவள் மேலேயே ஆத்திரம். "ஒனக்கு ரோஷமே இல்லையாடி? இவனுங்களுக்குப் போயி எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக் குடுத்துட்டு வர்றியே?" என்றேன்.

அவள் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அழிச்சிருந்தா, மிஷினைக் கெடுத்தவ இவதான்னு அந்தாளு சொன்னது நெசமாயிருக்கும்ல, அக்கா" என்றாள்.

இப்போது அவள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் மனுக்கள் டைப் அடித்துக் கொடுக்கிறாள். மில்லில் அவள்தான் கெடுத்தாள் என்று இன்னும் சொல்கிறார்கள்.